டோரதி க்ரீம்

என் வலது புருவத்தில் பாதியை டோரதி பிடுங்கி எறிந்தது போன வருடம் ஆகஸ்ட் மாதத்தில். எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் போன புருவத்துக்குத் திரும்பி வர ஒன்றும் அவசரம் இருக்காது. கண்ணாடியில் பார்த்தேன். இடது புருவம் வழக்கம்போல் வளைந்து நின்றது. வலது புருவத்தின் நடுவில் வெட்டவெளி. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"என்ன டோரதி இது? தூங்கிண்டே பண்ணினியா?"

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். புருவம் திருத்தப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் இடதைப் பொத்தினாள்.

"அக்கா, உங்க மூஞ்சி நடுவுல என்னமோ நிக்குது. சாம்பல் கலர்ல வட்டமா. துடைச்சாலும் போவல. ரெண்டு வாரமா இப்படித்தான்."

"ரெண்டு வாரமாவா? அப்புறம் எதுக்கு என் புருவத்துல கை வெச்சே?"

"மூக்கு மேல இருந்துச்சுக்கா. இன்னிக்குப் புருவத்துக்கு வந்துடுச்சு," என்றாள்.

டோரதியின் வீடு சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்னறைதான் பார்லர். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்திலேயே தலையலங்காரம் செய்துகொண்ட ஒரு வெள்ளைக்காரியின் படம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீரியல் லைட். கணவர் ஹென்றி ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட், கேள்வி கேட்டால் மட்டும் பேசுகிற மனிதர். ஒரே மகள் ஷில்பா. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. நான் மந்தைவெளியில் தனியாக இருக்கிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலிருந்து மாதம் தவறாமல் டோரதியிடம் போகிறேன். ஜெயலக்ஷ்மி என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது, அவளுக்கு நான் அக்கா.

அந்த வட்டாரத்தில் பாதிப் பெண்கள் டோரதியின் நூலுக்காக வந்தார்கள். மீதிப் பெண்கள் அவளுடைய க்ரீமுக்காக வந்தார்கள். 'டோரதி க்ரீம்' என்றே அதற்குப் பெயர். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எவர்சில்வர் கிண்ணத்தில் அவளே கலப்பாள். சாதாரண கோல்ட் க்ரீம், வைட்டமின் மாத்திரையைக் குத்தி எடுத்த எண்ணெய், அதோடு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஒரு டியூப். சூட்சுமம் அந்த டியூபில்தான் இருந்தது. தோலில் வரும் படைக்கும் அரிப்புக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஆயின்மென்ட் அது. தி. நகரில் அவள் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தபோது சொல்லிக்கொடுத்த அம்மாள் காதோடு சொன்ன கலவையாம். பத்தே நாளில் முகம் வெளுக்கும். பரு அடங்கும். பளபளப்பு வரும். மெடிக்கலில் விற்பது எப்படிக் கெடுதலாகும் என்பது டோரதியின் கட்சி. கடைக்காரரும் சீட்டு எதுவும் கேட்காமல் டஜன் டஜனாகக் கொடுத்தார்.

வெயில் அடிக்கிற ஊரில் தோல் கருக்கத்தான் செய்யும், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நான் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவள். செய்துவிட்டு நானும் ஒரு டப்பா வாங்கிப் பூசிக்கொண்டேன். அரிப்பு வந்து தூக்கிப் போட்டேன். ஆகவே யாரையும் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

க்ரீமுக்கு விளம்பரம் டோரதியின் முகம்தான். கல்யாணப் போட்டோவில் அவள் நல்ல கருப்பு. இப்போது ரோஜா நிறம். அந்தப் போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தாள். வருகிறவர்கள் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், பேசாமல் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஷில்பாவுக்கு அம்மாவின் பழைய நிறம். இரண்டு வரன் வீடு வரைக்கும் வந்து, காபி குடித்து, திரும்பிப் போய், போனை எடுக்காமல் இருந்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர்கள் புறப்படும்போது வாசலிலேயே, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார்களாம். அன்றிலிருந்து டோரதி தினமும் தன் கையாலேயே மகளின் முகத்தில் க்ரீம் தடவினாள். மூன்றாவதாக அசோக் நகரிலிருந்து ஆஸ்வின் வீட்டார் வந்தபோது, பையனின் அம்மா ஷில்பாவின் தாடையைத் தொட்டு, "நல்ல கலரா இருக்கா" என்றார். அடுத்த ஜனவரி கடைசியில் கல்யாணம் என்று முடிவானது. டோரதி மூன்று நாள் அழுதுகொண்டே எல்லோருக்கும் கேக் கொடுத்தாள்.

இந்த நிலைமையில்தான் கண்ணில் அந்தச் சாம்பல் வட்டம் வந்து நின்றது.

அடையாறில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஹென்றிக்கு லீவு கிடைக்கவில்லை. ஷில்பாவிடம் டோரதி விஷயமே சொல்லவில்லை, கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, படம் எடுத்து, கடைசியில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுதான். அவர் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவிலிருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"கோடெல்லாம் நேரா இருக்கா?"

"நடுவுல உள்ள வாங்குது டாக்டர். கட்டமும் அங்க சின்னதாத் தெரியுது. இன்னொரு கண்ணுல எல்லாம் நேராத்தான் இருக்கு."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். படத்தில் வரிவரியாகப் போன கோடுகள் நடுவில் மட்டும் ஒரு மேடாக எழும்பியிருந்தன. அந்த மேட்டுக்கு அடியில் கருப்பாக ஒரு வெற்றிடம்.

"கண்ணுக்குள்ள பின்பக்கச் சுவர்ல ஒரு படலம் ஒட்டிட்டு இருக்கும்மா. விழித்திரைன்னு சொல்வோம். நாம பாக்குறதெல்லாம் அதுலதான் விழும். உங்களுக்கு அதுக்கு அடியில நீர் கசிஞ்சு கோத்துக்கிச்சு. அதனால அந்த இடத்துல படலம் சுவரை விட்டுத் தூக்கிடுச்சு. அதுவும் நட்டநடுவுல. நீங்க எதை நேரா பாக்குறீங்களோ அது மறையும், கோணலாத் தெரியும், நிறம் மங்கும். சுத்தி இருக்கிறது நல்லாத் தெரியும்."

மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வருமே, அப்படியா என்று கேட்டேன். அப்படித்தான் என்றார்.

"பொதுவா இது மூணு நாலு மாசத்துல தானாவே வடிஞ்சிடும். ஆனா இதைக் கிளப்பிவிடற காரணம் ஏதாவது இருந்தா அதை முதல்ல நிறுத்தணும். ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கறீங்களா? மாத்திரை, ஊசி, வீசிங்குக்கு ஸ்ப்ரே, ஆயின்மென்ட்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டர் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். விளக்கைத் திருப்பிக் கன்னத்தில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்.

"முகத்துக்கு என்ன போடறீங்க?"

"கடலமாவு டாக்டர்."

என்னால் சகிக்க முடியவில்லை. "பொய் சொல்றா டாக்டர். ஒரு ஆயின்மென்டைக் கலந்து வருஷக்கணக்கா பூசிண்டிருக்கா. ஊருக்கே விக்கறா," என்றேன். டோரதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

டியூபின் பெயரைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அது ஸ்டீராய்டு, அதுவும் வீரியமானது, ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் முகத்தில் படவே கூடாது என்றார். "இதனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இது தொடர்ந்தா கண்ணுல தண்ணி வடியுமாங்கறது சந்தேகம். நிறுத்துங்க. நிறுத்தினா முகம் சிவக்கும், எரியும், பரு கிளம்பும், கறுக்கும். பயந்து திரும்பப் போட்டுடாதீங்க, தோல் டாக்டரைப் பாருங்க. முகம் ஒரு வருஷத்துல தேறிடும். கண்ணு அப்படி இல்லம்மா. தண்ணி ரொம்ப மாசம் நின்னுட்டா அந்தப் படலம் செத்துப் போயிடும். அதுக்கப்புறம் தண்ணி வடிஞ்சாலும் பார்வை வராது."

திரும்பி வரும்போது அடையாறு பாலத்தில் டோரதிக்கு மருந்து விட்ட கண்ணில் வெயில் கூசியது. கைக்குட்டையால் மூடியிருந்தாள். பட்டினப்பாக்கம் வந்ததும் வெடித்தாள். வாடிக்கையாளர்களிடம் நாசூக்காகப் பேசுகிறவளுக்குக் கோபம் வந்தால் இன்னா, கீது எல்லாம் வந்துவிடும்.

"உங்கள இன்னாக்கா கேட்டாங்க? நான் சொல்லமாட்டனா? ஸ்டீராய்டு கீஸ்டீராய்டுன்னு ஏரியால தெரிஞ்சா என் பேரு இன்னாவும்?"

"உன் கண்ணு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"அதான் மூணு நாலு மாசத்துல தானா வடிஞ்சிடும்னு சொன்னாங்களே!"

டாக்டர் சொன்னதில் அவள் காதில் நின்றது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆனாலும் நிறுத்தினாள். பொய் சொல்லக் கூடாது, ஒரு வாரம் முழுசாக நிறுத்தினாள். நான் போய்ப் பார்த்தபோது பார்லரை மூடிவிட்டு ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். துண்டை எடுத்துக் காட்டினாள். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் முகம் முழுக்க ரத்தச் சிவப்பு. தாடையில் கொத்துக்கொத்தாகச் சீழ்ப் பரு. காற்று பட்டாலே எரிகிறது என்று அழுதாள். தோல் டாக்டரிடம் போகலாம் என்றேன். போகலாம் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்வினின் அம்மா வருவதாக இருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று எல்லோர் முன்னாலும் அறிவிப்பது. எந்த வாரத்தில் ஆரம்பிக்கலாம் என்று பேச வருகிறார். சனிக்கிழமை சாயங்காலம் டோரதி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முகத்தின் சிவப்பு பாதி வடிந்திருந்தது. அடுத்த வாரம் பழைய ரோஜா நிறம் வந்துவிட்டது.

கேட்டதற்கு அவள் சொன்ன கணக்கு இது. "அவங்க வந்து இந்த மூஞ்சியப் பாத்தா இன்னா நினைப்பாங்க? அம்மாக்காரிக்குத் தோல் வியாதி, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு நினைப்பாங்க. ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே தடை வந்துடும்கா. தாலி ஏறட்டும். மறுநாளே நிறுத்திடறேன். மாதா மேல சத்தியம்."

"அதுக்குள்ள உன் கண்ணு செத்துடும் டோரதி!"

"ஒரு கண்ணுதானே அக்கா. இன்னொண்ணு நல்லா இருக்கு இல்ல."

எனக்கு அடித்துவிடலாம் போல் இருந்தது. ஹென்றியிடம் போய்ச் சொன்னேன். "நான் சொன்னா கேக்கவா போறா மேடம்? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிடட்டும்," என்றார். அவருக்கும் அதே பயம்தான். ஷில்பாவைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துச் சொன்னேன். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்குப் போய், நீங்கள் நிறுத்தாவிட்டால் நான் க்ரீமை நிறுத்திவிட்டு நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிடுவேன் என்றாளாம். "நீ நிறுத்தினா நான் கடல்ல போய் விழுந்துடுவேன்" என்று டோரதி தலையில் அடித்துக்கொண்டாளாம். கடல் நாலு தப்படியில் இருக்கிற வீட்டில் அப்படிச் சொன்னால் பெண் என்ன செய்வாள்? பேசாமல் முகத்தைக் காட்டியிருக்கிறாள்.

அதன் பிறகு டோரதி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் வீம்பு. புருவம் அதுபாட்டுக்குப் புதராக வளரட்டும் என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்தது. அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வேலை செய்கிறாள். மேக்கப் போட்டவுடன் போனில் படம் எடுக்கிறாள், அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பார்க்கிறாள், பிறகு திரும்ப முகத்துக்கு வருகிறாள். புது டெக்னிக் போலிருக்கிறது என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் அஃப்சருன்னிசாவின் மகளுக்கு நிக்காஹ் மேக்கப். ராயப்பேட்டையிலிருந்து வருஷக்கணக்காக டோரதியிடம் வருகிறவர் அஃப்சருன்னிசா. நல்ல கண்ணிலும் அப்போதே நிறங்களெல்லாம் மங்கத் தொடங்கியதில் டோரதிக்கு மணப்பெண்ணின் கன்னத்தில் எவ்வளவு சிவப்புப் போட்டாலும் போதவில்லை. மேலும் மேலும் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அஃப்சருன்னிசா வந்து குரலை உயர்த்தாமல், "வந்தவங்கள்லாம் புள்ளைக்குக் காய்ச்சலான்னு கேட்டாங்க டோரதி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அதற்குப் பிறகு மணப்பெண் அலங்காரத்துக்கு அதிகம் பேர் கூப்பிடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் போன் அடித்தது. எடுத்ததும் விசும்பல்.

"அக்கா, இன்னொண்ணும் போச்சு."

வீம்பெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. ஆட்டோ பிடித்துப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். இப்போது இடது கண்ணிலும் ஒரு மேடு எழும்பியிருந்தது. வலது கண்ணில் இருந்த மேடு வடியவில்லை. படலம் மெலிந்துவிட்டது.

"அந்த க்ரீமை நிறுத்தினீங்களா?"

"நிறுத்திட்டேன் டாக்டர்."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரே, "இது நிறுத்தின முகம் இல்லம்மா," என்றார். டோரதி தலையைக் குனிந்துகொண்டாள். வலது கண்ணில் நடுப்பார்வை இனி திரும்புவது கஷ்டம், லேசர் வைத்துப் பார்க்கலாம் என்றாலும் கசிகிற இடம் சரியாக நடுவில் இருக்கிறது, இடது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், இன்றைக்கே நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டோரதி கேட்டாள்:

"ஜனவரி கடைசி வரைக்கும் தாங்குமா டாக்டர்?"

"அதை நான் எப்படிம்மா சொல்றது?" என்றார் அவர்.

ஜனவரி வந்தது. கல்யாணத்தன்று விடிந்ததும் என்னை வரச் சொல்லியிருந்தாள். மகளுக்கு வேறு யாரும் மேக்கப் போடக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஊருக்கெல்லாம் போட்டவள் தன் பெண்ணுக்குப் போட முடியவில்லை என்றால் ஊர் கேட்குமே. ஷில்பா வெள்ளைப் பட்டுச் சேலையில் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டோரதி அவளை நேராகப் பார்த்தால் காது தெரிகிறது, முடி தெரிகிறது, கழுத்துச் சங்கிலி தெரிகிறது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு கண்மை இழுத்தாள்.

"அக்கா, ரெண்டு கோடும் ஒண்ணா இருக்கா?"

"இடது பக்கம் கொஞ்சம் நீளம்."

"இப்ப?"

"இப்ப சரி."

இப்படியே உதடு, பொட்டு, கன்னம் எல்லாம். நான் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். மேக்கப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷில்பா அழாமல் இருக்க உதட்டைக் கடித்தாள். "உதட்டைக் கடிக்காதே, சாயம் போயிடும்," என்று டோரதி அதட்டினாள். மகள் உதட்டைக் கடித்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கடைசியில் தலையில் நெட் முக்காட்டைக் குத்திவிட்டு, "எப்படி இருக்கா அக்கா?" என்றாள்.

"ராஜாத்தி மாதிரி இருக்கா," என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாள்.

கோயிலில் முதல் பெஞ்சில் டோரதி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்வின் தாலி கட்டும்போது எல்லோரும் எக்கி எக்கிப் பார்க்க, அவள் மட்டும் பீடத்துக்கு ஓரத்தில் இருந்த பூச்சாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சாடியைப் பார்த்தால்தான் பக்கத்தில் நிற்கும் மகள் கொஞ்சமாவது தெரிவாள். இது எனக்குத் தெரியும். ஆஸ்வினின் அம்மாவுக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பந்தியில் அவர் யாரிடமோ, "பொண்ணோட அம்மாவுக்குப் பூ மேலதான் கண்ணு," என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு இலையிலிருந்து எழுந்து போய்விடலாம் போல் இருந்தது.

மறுநாளே நிறுத்திவிட்டாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள். முகம் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. இந்தத் தடவை மறைக்கவில்லை. துண்டு கூடப் போடாமல் வாசலில் உட்கார்ந்தாள். சிவந்து, உரிந்து, இரண்டு மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. தோல் டாக்டரிடமும் கூட்டிப் போனேன். கண்ணைப் பொறுத்தவரை, இடது கண்ணில் நீர் வடிந்து பாதி தேறியது. எழுத்தும் முகமும் இன்னும் கலங்கலாகத்தான் தெரிகின்றன. வலது கண்ணில் நீர் வடிந்தும் பயனில்லை. நடுவில் அந்த இடம் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டோரதிக்கு நாற்பத்தெட்டு வயது.

நூல் வேலை போயிற்று. இப்போது எண்ணெய் மசாஜ், கால் தேய்த்து விடுவது, மருதாணி அரைத்துத் தலைக்குப் போடுவது, இவ்வளவுதான். க்ரீம் கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் கண்ணைக் காட்டினாள், முகத்தைக் காட்டினாள். இதற்கு முன் அவள் பேருக்குப் பயந்தவள். அஃப்சருன்னிசா கேட்டுவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நான் ராத்திரி மட்டும் கொஞ்சூண்டுதானே போடறேன்? இருந்தா ஒரு டப்பா குடும்மா," என்றார். டோரதி இல்லை என்றாள். இதைக் கேட்டும் க்ரீமை விடாத மற்றவர்கள் எங்கே வாங்கினார்களோ, அவரும் அங்கே வாங்கியிருப்பார்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு ஷில்பா அம்மா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஆஸ்வின் மறுநாள் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள். வெயில் பட்டால் எரிகிறதாம். உள்ளே வந்து துப்பட்டாவை எடுத்ததும் நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று என்னிடம் கண்ணால் கெஞ்சினாள். கல்யாணத்துக்கு இருந்த அதே வெளுப்பு, அதே பளபளப்பு.

டோரதி மகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாமியார், சமையல், ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேசிக்கொண்டே ஷில்பாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கட்டை விரல் கன்னத்தில் ஒரு தடவை போய் வந்தது. அப்புறம் அந்த விரல் நின்றுவிட்டது.

"தோலு இன்னாடி இப்படி வழுக்குது? நீ இன்னும் போடறியா?"

"இல்ல மம்மி. மாய்ஸ்சரைசர்."

டோரதி கையை எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பி நான் இருந்த பக்கம் பார்த்தாள்.

"அக்கா, நீங்க பாத்து சொல்லுங்க. எனக்கு அந்த இடம்தான் தெரியல."

ஷில்பா என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "போடறா டோரதி," என்றேன்.

"எங்கேர்ந்துடி வருது உனக்கு?" டோரதியின் குரல் கிறீச்சிட்டது. "நான்தான் குடுக்கலியே!"

"ஆபீஸ் பக்கத்துல ஒரு பார்லர்ல கலந்து குடுக்கறாங்க."

"என் கண்ணப் பாத்துட்டுமா போடற? உனக்குத் தெரியாதா? ஐயோ, இன்னிக்கே நிறுத்துடி. மூஞ்சி கெட்டா கெடட்டும். ஒரு வருஷத்துல வந்துடும்னு டாக்டர் சொன்னாங்கடி."

"நிறுத்திப் பாத்தேன் மம்மி. நாலு நாள். உங்களுக்கு வந்த மாதிரியே வந்துச்சு. அவர் பயந்துட்டாரு. அவங்கம்மா பக்கத்துல வரல. டம்ளரைத் தனியா வெச்சாங்க."

"நான் வந்து பேசறேன் அவங்ககிட்ட. எல்லாத்தையும் சொல்றேன். உன் நிறம் இதுதான்னு சொல்றேன்."

ஷில்பா அம்மாவின் கைகளைத் தன் முகத்திலிருந்து மெதுவாக எடுத்து மடியில் வைத்தாள். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை.

"இந்த முகத்தைத்தானே மம்மி நீங்க அவருக்குக் கட்டிக் குடுத்தீங்க."